"உங்கள் கணினியில் 5 வைரஸ்!": போலி ஆன்டிவைரஸ் பற்றி எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, செவப்பா ஒண்ணு வந்து கத்துது, ஆஃப் பண்ணவும் விடமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு, சிபியூவை ஸ்கூட்டியில் காலடியில் வைத்து ஓட்டிவருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒரே பதிலை வண்ணார்பேட்டைக்காரருக்கும் முக்கூடல்காரருக்கும் தனித்தனியே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். வீட்டில் விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

போலி ஆன்டிவைரஸ் என்றால் என்ன?

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முன்பெல்லாம் செய்வினை எடுக்கிறவர் வருவார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "இந்த வீட்டுல என்னமோ கெடக்கு" என்பார். கடப்பாரை கேட்பார். முற்றத்தில் ஒரு முழம் தோண்டியதும் செப்புத் தகடும் முடிக்கற்றையும் வெளியே வரும். வீட்டுக்காரம்மா அரண்டுபோய்த் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் கழற்றிக் கொடுத்துவிடுவாள். தகடு வந்தது மண்ணிலிருந்து அல்ல, அவர் வேட்டி மடிப்பிலிருந்து.

போலி ஆன்டிவைரஸ் அதே ஆள்தான். இல்லாத வைரஸைத் தானே கொண்டுவந்து, தானே கண்டுபிடித்து, தானே எடுக்கக் காசு கேட்கும். சில சமயம் காசோடு நிற்காது. எடுக்கிறேன் என்று உள்ளே வந்து நிஜமான வைரஸைப் புதைத்துவிட்டும் போகும்.

ஆனால் அது என் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்ததே? கோப்புப் பெயரெல்லாம் ஓடியதே?

ஓடியது ஒரு படம். அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் நான் கடையில் செய்து காட்டுவதைக் கேளுங்கள். அப்படி ஒரு பக்கத்தை ஆண்ட்ராய்டு போனில் திறந்தேன். "உங்கள் சி டிரைவில் 5 வைரஸ்" என்றது. போனில் ஏது சி டிரைவ்? மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே 5, அதே பெயர்கள், அதே வரிசை. பிறகு பக்கம் திறந்தவுடன் நெட்டை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் நூறு சதவீதம் வரை பட்டை நகர்ந்து முடிந்தது.

ஒன்று நினைவிருக்கட்டும். பிரவுசரில் திறக்கும் எந்த இணையப் பக்கமும் உங்கள் ஹார்டு டிஸ்க்கைத் தன் இஷ்டத்துக்கு ஸ்கேன் செய்ய முடியாது. பிரவுசர் அதற்கு விடாது.

அசலா போலியா என்று பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது?

போன் நம்பர் இருந்தால் போலி. இந்த ஒன்று போதும், மற்றதெல்லாம் உபரி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

உபரியையும் சொல்லிவிடுகிறேன். அசல் ஆன்டிவைரஸ் அவசரப்படுத்தாது. "இன்னும் 4 நிமிடம் 59 விநாடி" என்று கடிகாரம் ஓடவிடாது, சைரன் ஊதாது, கணினியை அணைக்காதே என்று மிரட்டாது. ஒரு கோப்பில் கோளாறு என்றால் அதைச் சத்தமில்லாமல் தனியே பூட்டிவிட்டு, மூலையில் ஒரு வரி சொல்லும். அப்புறம், நீங்கள் நிறுவாத ஆன்டிவைரஸ் உங்களுக்கு எச்சரிக்கை தருகிறது என்றால் யோசியுங்கள். "மக்காஃபி காலாவதி" என்று வந்தது, பயந்து புதுப்பித்தேன் என்றார் ஒரு பேட்டைக்காரர். அவர் கணினியில் மக்காஃபி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெரிய கம்பெனிகளின் சின்னத்தைத் திருடி ஒட்டுவது இவர்களுக்குக் கைவந்த கலை.

இப்போதே திரையில் நிற்கிறது. முதலில் என்ன செய்ய?

பெருமாள்புரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மின்கட்டணம் கட்டப் போனவர், தேடலில் வந்த ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட்டுவிட்டார். திரை முழுக்கச் சிவப்பு. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் "அணைக்காதீர்கள், உங்கள் வங்கித் தகவல் திருடப்படுகிறது" என்று ஓயாமல் சொல்கிறது. எனக்குப் போன் செய்தபோது பின்னால் அந்தக் குரலே எனக்கும் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்பீக்கர் மேல் தலையணையை அமுக்கி வைத்திருந்தார்கள். அவர் மவுஸைத் தொடவே பயந்து, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆச்சி அடுக்களை வாசலில் நின்று, "சுவிட்ச அமத்துங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டாவளா?" என்றார்.

ஆச்சி சொன்னதுதான் சரி. அந்தப் பக்கம் அணைக்காதே என்பது உங்களைப் போன் போட வைக்கத்தான். அணைத்தால் கெடப்போவது அவர்கள் வியாபாரம் மட்டும். ஆனால் நேரே சுவிட்சுக்குப் போகும் முன் வேறு சில வழிகள் இருக்கின்றன.

எஸ்கேப் பொத்தானை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரையை விட்டுப் பக்கம் சுருங்கும். மூலையில் வழக்கமான பெருக்கல் குறி தெரியும், மூடிவிடலாம். சுருங்கவில்லையா, ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப்4 அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமையோ எட்ஜையோ தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். பிரவுசரை மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா" என்று கேட்கும். வேண்டாம். அதில் ஆம் என்று சொல்லி, "போனது திரும்ப வந்துட்டே" என்று எனக்கு மறுபடி போன் போட்டவர்கள் நிறைய.

பக்கத்துக்குள்ளேயே இருக்கும் "மூடு", "ரத்து", "வேண்டாம்" பொத்தான்களைத் தொடாதீர்கள். அவையும் படம்தான். எதைத் தொட்டாலும் போய்ச் சேரும் இடம் ஒன்று.

வாத்தியார் வீட்டில் எஸ்கேப்பிலேயே வேலை முடிந்தது. நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் காபி குடித்த நேரம்தான் அதிகம்.

அது வெறும் பக்கமா, உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதா?

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரைத் திறக்காமல் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் அது வெறும் பக்கம், போய்விட்டது. திரையின் வலது கீழ் மூலையில் சின்னச் சின்னப் பெட்டியாக வந்தால் அது நோட்டிஃபிகேஷன் தொல்லை. தனி ஜன்னலாக, தனிப் பெயரோடு, கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேடயப் படத்தோடு வந்தால்தான் நிஜமாகவே ஒரு புரோகிராம் உள்ளே ஏறியிருக்கிறது. எங்கள் கடைக்கு வருவதில் கடைசி வகை குறைவு. முதல் இரண்டுக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு வரவே தேவையில்லை.

மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "வைரஸ் தாக்குதல்" என்று பெட்டி வருகிறது. ஸ்கேன் செய்தால் ஒன்றும் இல்லை என்கிறதே?

ஸ்கேன் சொல்வது சரிதான். என்றைக்கோ ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்றிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். படம் பார்க்கிற, பாட்டு இறக்குகிற தளங்களில் இது சகஜம். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தத் தளம் நாள் பூராவும் செய்தி அனுப்புகிறது.

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியல் இருக்கும். வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். அதே பக்கத்தின் மேலேயே, எந்தத் தளமும் இனி நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கேட்கக்கூடாது என்று வைத்துவிடும் வசதியும் இருக்கிறது. நான் எல்லா வீட்டிலும் அதை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

புரோகிராமாகவே ஏறிவிட்டது. எப்படி நீக்குவது?

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். லேன் ஒயரை உருவுங்கள், அல்லது வைஃபையை அணையுங்கள். அந்தப் புரோகிராம் கேட்கும் கார்டு நம்பர், ஓடிபி எதையும் தராதீர்கள்.

ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டே பவர் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும், பயப்பட வேண்டாம், இது நல்ல நீலம். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. இதற்குப் பெயர் சேஃப் மோடு. விண்டோஸ் தனக்கு மிக அவசியமானதை மட்டும் எழுப்பும். போலி ஆன்டிவைரஸ் பெரும்பாலும் தூக்கத்திலேயே இருக்கும்.

இப்போது விண்டோஸ் பொத்தானும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, கன்ட்ரோல் என்று இங்கிலீஷில் அடித்து என்டர் தட்டினால் கன்ட்ரோல் பேனல் திறக்கும். புரோகிராம்களின் பட்டியலுக்குப் போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளும் அந்தத் தேதியும் பொருந்தும் ஆட்கள் மேலேயே இருப்பார்கள். கூடவே அன்றைக்கே வந்த கூட்டாளிகளையும் பாருங்கள்: "டிரைவர் அப்டேட்டர்", "பிசி ஆப்டிமைசர்", யாரும் கேட்காத ஒரு பிரவுசர். குடும்பத்தோடுதான் குடியேறுவார்கள்.

நீக்கும்போது ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள். "நீக்கினால் உங்கள் கணினி ஆபத்தில்! 50 சதவீதத் தள்ளுபடி தருகிறோம்" என்று ஒரு பெட்டி வரும். அதில் பெரிய பச்சைப் பொத்தான் "வைத்துக்கொள்" என்பதாக இருக்கும். நிஜமாக நீக்குவதற்கான சொல் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில் கிடக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். சில புரோகிராம்கள் சேஃப் மோடில் நீங்காது. நிறுவும் சர்வீஸ் அங்கே ஓடாததுதான் காரணம். அவற்றை மட்டும் சாதாரண மோடுக்கு வந்து நீக்கலாம்.

சாதாரண மோடுக்குத் திரும்பியதும் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியில் தெரியாத பெயர்களை டிசேபிள் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷனுக்குள் போங்கள். ஸ்கேன் செய்யும் முன் அங்கே எக்ஸ்குளூஷன்ஸ் என்ற இடத்தைப் பார்த்துவிடுங்கள். "இந்த ஃபோல்டரைத் தொடாதே" என்று காவல்காரனிடமே சொல்லிவைத்திருப்பான் திருடன். நீங்கள் சேர்க்காதது எதுவும் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு நெட்டை இணைத்து, விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி தானாக அணைந்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் போல ஆகும். திறந்து வைத்த வேலையை முன்பே சேமித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலும் மனம் ஆறவில்லை என்றால் மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் நீக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்பை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஒருமுறை ஓட்டலாம். இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் 2017 முதல் இலவச நீக்கும் கருவிகளைத் தருகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது.

எதையுமே திறக்க விடமாட்டேன் என்கிறது. டாஸ்க் மேனேஜர்கூட வரவில்லை.

பழைய வகைகளின் குணம் இது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் "இதில் வைரஸ்" என்று தடுக்கும். பக்கத்து வீட்டுக் கணினியில் நீக்கும் கருவியைப் பென்டிரைவில் இறக்கி, கோப்பின் பெயரை எக்ஸ்ப்ளோரர் என்று இங்கிலீஷில் மாற்றி, சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் ஆள்தான் வருகிறான் என்று நினைத்து விட்டுவிடும். 2009, 2010 வாக்கில் நான் பிழைப்பு நடத்தியதே இந்த ஒரு வித்தையை வைத்துத்தான்.

நீக்கிய பிறகு நெட்டே வரவில்லையே?

போகிற போக்கில் பிராக்ஸி வைத்துவிட்டுப் போயிருக்கும். உங்கள் நெட்டை வேறொரு வழியாகச் சுற்றிவிடும் இடைத்தரகர் அது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி என்று போய், மேனுவல் பிராக்ஸியை அணையுங்கள்.

நீக்கினேன், இரண்டு நாளில் திரும்ப வந்துவிட்டது.

பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிப் புரோகிராமான எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். கூகுள் கணக்கோடு ஒத்திசைவு போட்டிருந்தால், இங்கே நீக்கியது மகன் லேப்டாப்பிலிருந்து மறுபடி வந்து இறங்கும். அங்கேயும் நீக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் ஓடும்படி ஏதாவது எழுதி வைத்திருக்கும்.

அந்த நம்பருக்குப் போன் செய்துவிட்டேன். தொலைவிலிருந்தே கணினியை இயக்க விடும் எனி டெஸ்க்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

திட்டமாட்டேன். படித்தவர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்களே செய்திருக்கிறார்கள். அந்த ஆள் ஈவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டி "பாருங்க சார், எல்லாம் வைரஸ்" என்றிருப்பான். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தச் சிவப்பு வரிகள் இருக்கும். என் கடைக் கணினியிலும் இருக்கின்றன. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடவிட்டுக் காட்டியிருந்தால், அது ஃபோல்டர்களின் பட்டியல், வேறொன்றுமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: நெட்டை உடனே துண்டியுங்கள். எனி டெஸ்க், டீம்வியூவர் மாதிரி அவன் போடச் சொன்னதை நீக்குங்கள். நீங்கள் இல்லாதபோதும் நுழைய அதில் கடவுச்சொல் வைத்துக்கொண்டிருக்கலாம். வேறொரு கருவியில், உதாரணத்துக்கு வீட்டுக்காரம்மா போனில், மெயில், வங்கி கடவுச்சொற்களை மாற்றுங்கள். மாற்றும் வேலையை அந்தக் கணினியிலேயே செய்யாதீர்கள். இந்த நிலையில் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதுதான் என் யோசனை. உள்ளே வந்த ஆள் என்னென்ன வைத்துவிட்டுப் போனான் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

பணமும் போய்விட்டது. திரும்ப வருமா?

வரலாம், வராமலும் போகலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள். அடுத்த போன் 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண். பணம் இன்னும் அடுத்த கணக்குக்குத் தாவாமல் இருந்தால் நிறுத்திவைக்க முயல்வார்கள். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் புகார் பதியலாம். திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் உதவும்.

"வெளிய தெரிஞ்சா கேவலம்" என்று ஒரு வாரம் மறைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு சேதி. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளரே கவனக்குறைவாக ஓடிபி கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. சொல்லும் வரைக்கும் போவது உங்கள் தலையில்.

ஃபார்மட் அடித்தே ஆகவேண்டும் என்று கடையில் சொல்கிறார்களே?

எங்கள் தொழில்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. வெறும் இணையப் பக்கத்துக்கு ஃபார்மட் அடிப்பது, சளிக்கு ஆபரேஷன் செய்கிற கதை. ஃபார்மட் கடைக்காரனுக்குச் சுலபம், யோசிக்க வேண்டாம். உங்கள் பேத்தியின் காதுகுத்துப் படங்கள்தான் போகும். தொலைவிலிருந்து ஆள் உள்ளே வந்திருந்தால், அல்லது இரண்டு முறை நீக்கியும் திரும்ப வந்தால், அப்போது அடியுங்கள், படங்களை நகல் எடுத்துக்கொண்டு.

எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

வீட்டுக்கு என்றால் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 8 முதலே முழு ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, டிஃபெண்டர். காசும் கிடையாது, சந்தா புதுப்பிக்கவும் தேவையில்லை. ஆகவே "உங்கள் டிஃபெண்டர் சந்தா முடிந்தது, 399 டாலர் எடுத்துக்கொண்டோம், ரத்துசெய்ய அழையுங்கள்" என்று மெயில் வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடலாம். ஒன்றுக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போடுவதும் வேண்டாம், ஒன்றையொன்று சந்தேகப்பட்டே கணினியை நகரவிடாது.

இதெல்லாம் எப்படித்தான் உள்ளே வருகிறது?

விளம்பரம், பொய்யான "டவுன்லோடு" பொத்தான், இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருவது. ஆனால் எங்கள் பக்கத்தில் பெரிய வாசல் கிராக் மென்பொருள். திருமண ஆல்பம் போடும் மென்பொருளின் திருட்டுப் பதிப்பை இறக்கினால் முதல் வரியிலேயே "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று இருக்கும். நாயைக் கட்டிப்போடு, நான் உள்ளே வருகிறேன் என்று திருடன் கடிதம் போட்டால் கட்டிப்போடுவோமா? கட்டிப்போடுகிறோம். நானும் பல வருடத்துக்கு முன் பத்துப் பதினைந்து பேருக்கு அப்படி விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் பாதி கணினிகள் என்னிடமே திரும்பி வந்தன.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருக்கிறோம். விண்டோஸ் 7. பரவாயில்லையா?

2011-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு ஓடுகின்றன, நல்ல உழைப்பு. ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுங்கள். வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

யார்தான் இதைச் செய்கிறார்கள்?

சில்லறைத் திருடர்கள் இல்லை. வின்ஃபிக்ஸர் என்ற போலியை விற்ற கும்பல் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008-ல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2012-ல் நீதிமன்றம் கட்டச் சொன்ன தொகை 16.3 கோடி டாலர். 2009-ல் உலகத்தை ஆட்டிய கான்ஃபிக்கர் வைரஸும் கடைசியில் இறக்கியது ஒரு போலி ஆன்டிவைரஸைத்தான், விலை 49.95 டாலர். ஆப்பிள்காரர்களுக்கும் 2011-ல் மேக் டிஃபெண்டர் என்று வந்தது. அதனால் "எங்கிட்ட மேக் இருக்கு" என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம்.

அப்பா அம்மா ஊரில், நான் சென்னையில். அடுத்த முறை வரும்போது கணினியில் என்ன செய்துவைக்கலாம்?

பிரவுசரில் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணையுங்கள். விளம்பரத் தடுப்பான் ஒன்று போடுங்கள். மின்கட்டணம், வங்கி, ரயில் முன்பதிவு மூன்றையும் புக்மார்க் பட்டையில் வைத்துவிட்டால், தேடிப் போய் விளம்பரத்தில் விழும் வேலை குறையும். மிக முக்கியமாக, அப்பாவின் கணக்கை, எதையும் நிறுவ அதிகாரமுள்ள அட்மின் ஆக வைக்காமல் ஸ்டாண்டர்டு கணக்காக மாற்றிவிட்டு, அட்மினுக்கு வேறு கடவுச்சொல் வையுங்கள். பெரும்பாலான புரோகிராம்கள் நிறுவும்போது அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும்.

அந்தக் கடவுச்சொல்லை அப்பாவிடம் சொல்லாதீர்கள். பெருமாள்புரம் வாத்தியார் மகன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, ரயில் ஏறும்போது மனது கேளாமல் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனான். பத்தாவது நாள் ஆச்சிதான் எனக்குப் போன் போட்டார்: "தம்பி, திரும்பவும் செவப்பா வந்துட்டு. நான் சுவிட்ச அமத்திட்டேன். நீ வா."